காலி நாற்காலி யார் குற்றம்?

“மனுப் போடுகிறார்கள், கூப்பிட்டால் வருவதில்லை. டெலிபோன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, நேர்முகப் பேட்டி நாளன்று ஆளையே காணோம்.” கிள்ளான் பள்ளத்தாக்கில் முதலாளிமார் நாலுபேர் கூடும் இடமெல்லாம் இன்று இந்தப் புலம்பல்தான். ஷா ஆலாம் தொழிற்சாலையில் இந்தப் பாட்டு. கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கிலும் இந்தப் பாட்டு. பிரிக்பீல்ட்ஸ் உணவுக் கடையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலை ஜவுளிக் கடையிலும் இதே பாட்டு. பல்லவி ஒன்று, பாடகர் பலர். பாட்டு எங்கே போய் முடிகிறது தெரியுமா? “உள்ளூர்க்காரன் சோம்பேறி, ஆகவே வெளிநாட்டு ஆளுக்கு அனுமதி கொடு” என்று அரசாங்கத்தின் மேசையில் போய் முடிகிறது!

நடப்பதை நடக்கவில்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. மனுப் போட்ட பிள்ளைகளில் பலர் பதில் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள் என்பது உண்மை. தேதி குறித்துக் காத்திருப்பவருக்கு அதனால் எரிச்சல் உண்டாவதும் இயற்கை. ஆனால், ஒருவன் ஏன் பேசவில்லை என்று விசாரிக்காமல், அவன் பேசாததற்குத் தாங்களே ஒரு பொருள் கற்பித்து, அந்தப் பொருளையே சாட்சியாக நிறுத்துகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளின் மௌனம் யாருக்கு லாபமாகிறது என்பதை நம் தொழிலாளர் குடும்பங்களும் அறிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இதனை எழுதுகிறோம்.

பெரட்டுக் களத்தில் கற்ற பாடம்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ‘மனு’ என்ற பேச்சே கிடையாது. கங்காணி ஊருக்குப் போனான்; தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆள் கட்டி வந்தான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். குரல் கொடுத்தவனுக்கு அன்றைய பேர் விழுந்தது. குரல் கொடுக்காதவனுக்குக் கூலி இல்லை. சம்பளம் என்ன, வேலை எத்தனை மணி, லயம் ஒழுகுமா ஒழுகாதா என்று முன்கூட்டிக் கேட்கும் உரிமை எவனுக்கும் இருக்கவில்லை. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம், உதவிப் பணத்தில் கூலிகளை அனுப்பும் குடியேற்றத்தை நிறுத்தியது. கடலுக்கு அப்பாலிருந்து வேண்டியபோதெல்லாம் ஆள் இறக்கும் பழைய வழி அன்று குறுகிற்று.

அதன்பின் மூன்றே ஆண்டுகளில், 1941-இல், இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் பொங்கி எழுந்தன. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள் நம் மக்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் இனி வேண்டாம் என்றார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

அந்த மக்கள் ‘முடியாது’ என்பதை வாய் திறந்து சொன்னார்கள். ஏன் முடியாது என்று காரணமும் சொன்னார்கள். இன்னது வேண்டும் என்று கோரிக்கையாக எழுதிக் கொடுத்தார்கள். ஆகையால்தான் அவர்களுடைய மறுப்பு இன்றளவும் வரலாற்றில் நிற்கிறது. வேலைக்கு வராமல் லயத்திலே சும்மா படுத்திருந்தார்களானால், ‘சோம்பேறிக் கூலிகள்’ என்று இரண்டே வார்த்தை எழுதிக் கணக்கை முடித்திருப்பார்கள் துரைமார்.

இன்று சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறிவிட்டது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாமாக மாறிவிட்டது. பாட்டி பால் வெட்டிய நிரையில் இன்று கிடங்கும் தொழிற்சாலையும் நிற்கின்றன. அங்கே வேலை கேட்டுப் பேரன் கைப்பேசியில் மனுப் போடுகிறான். களம் மாறியதே தவிர, பெயர் கூப்பிடும் வழக்கம் மாறவில்லை. குரல் கொடுக்காதவனுக்கு அன்று கூலி போயிற்று. இன்று அவன் பெயரோடு அவன் இனத்தின் பெயரும் சேர்ந்து போகிறது.

முதலில் வாய் மூடியவர் யார்?

முதலாளிமாரின் விளம்பரங்களைச் சற்று எடுத்துப் பாருங்கள். ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்றிருக்கும், எவ்வளவு என்றிராது. ‘கிள்ளான் வட்டாரம்’ என்றிருக்கும். காப்பாரா, மேருவா, பூலாவ் இண்டாவா என்றிராது. ‘வேலை நேரம் பேசிக்கொள்ளலாம்’ என்றிருக்கும். எட்டு மணியா, பன்னிரண்டு மணியா என்றிராது. சொல்ல வேண்டியதையெல்லாம் மறைத்துவிட்டு, வந்த மனுக்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்துக்கொள்கிறார்கள். பத்து இடத்துக்கு மனுப் போட்ட பையனுக்கு ஒன்பது இடத்திலிருந்து ஒரு வரிப் பதிலும் வருவதில்லை. பத்தாவது இடத்தில் ஆறு வாரம் கழித்துத்தான் நினைவு வருகிறது. ஆறு வாரம் வயிறு காத்திருக்குமா? அதற்குள் அவன் மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் சுமக்கப் போய்விடுகிறான். பிறகு கூப்பிட்டு, ‘பொறுப்பில்லாதவன்’ என்று பட்டம் சூட்டுகிறார்கள்!

கூப்பிடும் முறையாவது ஒழுங்காக இருக்கிறதா? தெரியாத எண்ணிலிருந்து மணி அடிக்கிறது. கம்பெனியின் பெயரும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. ‘நல்ல வேலை, கைநிறையச் சம்பளம்’ என்று ஆசை காட்டி மலேசியப் பிள்ளைகளைக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் கடத்திச் சென்று, மோசடிக் கூடங்களில் அடைத்த கொடுமை 2022-இல் நாடறிய வெளிப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், மோசடிக்கு ஆளானோர் புகார் சொல்ல 997 என்ற எண்ணை அரசாங்கமே ஏற்படுத்தியது. அப்படிப்பட்ட காலத்தில், முன்பின் தெரியாத எண்ணை எடுக்காத பிள்ளையை நாம் சோம்பேறி என்போமா, உஷாரானவன் என்போமா?

இன்னொன்றும் கேட்கிறோம். ஒரே தகுதி, ஒரே படிப்பு; பெயர் மட்டும் வேறு என்று கற்பனை மனுக்களை அனுப்பிப் பார்த்த ஆராய்ச்சிகள் இந்நாட்டில் நடந்திருக்கின்றன. லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு அறிஞர்கள் பட்டதாரி மனுக்களை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மலாய்ப் பெயருக்கும் சீனப் பெயருக்கும் கிடைத்த அழைப்புகளில் பெரும் வேற்றுமை இருப்பதை அது காட்டிற்று. 2019-இல் இன்னோர் ஆய்வில் இந்தியப் பெயரையும் சேர்த்துப் பார்த்தார்கள். இந்தியப் பெயர் தாங்கிய மனுவே அழைப்பில் கடைசியில் நின்றது. மூன்று மாதமாக எந்த வாசலிலிருந்தும் குரல் வராத ஒருவன், நாலாவது மாதம் வரும் குரலை நம்பாமல் போவது அதிசயமா?

முதலாளி பதில் போடாவிட்டால் அதற்கு ‘அலுவல் மிகுதி’ என்று பெயர். தொழிலாளி பதில் போடாவிட்டால் அதற்கு ‘ஒழுக்கக் கேடு’ என்று பெயர். என்னே இவர்கள் நியாயம்!

மௌனம் சாட்சியாகிறது

இதிலே வெறும் மரியாதைப் பிரச்சினை மட்டும் இருந்திருந்தால் நாம் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். தொழிலாளியின் சோற்றுப் பிரச்சினை இதிலே அடங்கியிருக்கிறது.

வெளிநாட்டு ஆளைச் சேர்க்குமுன் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநரிடம் அனுமதி பெற வேண்டும் என்று, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் கூறுகிறது. 2023 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. உள்ளூர் ஆட்களுக்கு வேலையை விளம்பரப்படுத்துவதற்கென்று சொக்சோ நடத்தும் ‘மைஃபியூச்சர்ஜாப்ஸ்’ என்ற வலைத்தளமும் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், விளம்பரம் செய்தோம், இத்தனை பேரைக் கூப்பிட்டோம், ஒருவரும் வரவில்லை என்று ஒரு பட்டியல் காட்டிவிட்டால், உள்ளூரில் ஆள் இல்லை என்ற வாதம் தானே எழுந்து நிற்கிறது. அந்தப் பட்டியலில், என்ன சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டார்கள், எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று எவர் பார்க்கிறார்? பதில் சொல்லாத நம் பிள்ளை, தனக்கே தெரியாமல் முதலாளியின் மனுவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனாகிறான்!

‘ஆள் இல்லை’ என்ற கூச்சலின் வலிமையை நாடு பலமுறை கண்டிருக்கிறது. 2016 பிப்ரவரியில் 15 லட்சம் வங்காளதேசத் தொழிலாளரைக் கொண்டுவரும் ஏற்பாட்டில் கையெழுத்தாயிற்று. எதிர்ப்புக் கிளம்பவே மறுநாளே ஆள் சேர்ப்பை நிறுத்துவதாகத் துணைப் பிரதமர் அறிவிக்க நேர்ந்தது. 2023 ஜனவரியில், வெளிநாட்டு ஆள் சேர்ப்பு விதிகள் தளர்த்தப்பட்டன. இரண்டே மாதத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, மார்ச் 18-இல் கதவை அடைத்தார்கள். பலன் என்ன? அதே ஆண்டு டிசம்பரில், ஜொகூர் பெங்கெராங்கில் வங்காளதேசத் தொழிலாளர் 171 பேர், வேலை கொடுப்பதாக அழைத்துவந்த ஏஜெண்டு வேலை கொடுக்கவில்லை என்று புகார் செய்யக் காவல் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். ஆள் இல்லை என்று கூவி அழைத்துவரப்பட்டவனுக்கும் வேலை இல்லை!

அந்த 171 பேரும் நமக்குப் பகைவர் அல்லர். நம் பாட்டன் கப்பலில் வந்தான்; இவன் விமானத்தில் வந்தான். அவன் கங்காணிக்குக் கடன்பட்டான். இவன் ஏஜெண்டுக்குக் கடன்பட்டிருக்கிறான். ஒரே முதலாளியின் பெயரில் வேலை அனுமதி வாங்கி வந்தவன், சம்பளம் போதாது என்று விட்டுப் போக முடியாது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரத்தான் வேண்டும். முதலாளிமார் சிலர் இவனை விரும்புவதன் இரகசியம் இதுதான். ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியாத ஆளை அவர்கள் தேடுகிறார்கள். ‘வரமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை படைத்த உள்ளூர்த் தொழிலாளியோ, அந்த உரிமையை வாய் திறந்து பயன்படுத்தாமல் வீணாக்குகிறான்.

சிறு கடைக்காரரின் குறை

பிரிக்பீல்ட்ஸில் மூன்று நாற்காலி போட்டு முடிதிருத்தும் நிலையம் நடத்தும் நம்மவரைக் குறித்தும் ஒரு வார்த்தை. அவர் துரையும் அல்லர், கோடீசுவரரும் அல்லர். தாமும் கத்தரி பிடித்து உழைப்பவர். ‘நாளை வருகிறேன்’ என்று சொன்னவன் வராவிட்டால் அவருக்கு அன்றைய வியாபாரம் போகிறது. முடிதிருத்தல், பொற்கொல்லர், ஜவுளி ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டு ஆள் சேர்ப்பு 2009 முதல் மூடப்பட்டிருந்தது. 2023 ஜூலையில் 7,500 பேருக்கு இடம் விடுவதாக அரசாங்கம் அறிவித்தது. அத்தொழில்களின் கஷ்டம் உண்மையானது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அவர்களையும் கேட்கிறோம்: வேலை பழக வருகிற பையனுக்குப் பழகும் காலத்தில் என்ன கொடுப்பீர்கள், எத்தனை மாதத்தில் நாற்காலி கொடுப்பீர்கள், வாரத்தில் எந்த நாள் லீவு என்று முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்ததுண்டா? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. மணிக்கணக்கில் பார்த்தால் 8 வெள்ளி 17 காசு. விடியற்காலையில் பந்திங்கிலிருந்தோ காப்பாரிலிருந்தோ புறப்பட்டு, இரவு கடைசி ரயிலில் திரும்புகிற பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும் என்று அவன் தாய் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். கணக்கு ஒத்துவரவில்லை. அவன் வருவதில்லை. அவன் செய்த தவறு, அந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லாததுதான்.

நாம் கோருவது என்ன?

வராத ஆளை எப்படி நடத்துவது என்று கேட்கும் முதலாளிமாருக்கும், அதைக் கண்காணிக்க வேண்டிய அரசாங்கத்துக்கும் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: விளம்பரத்திலேயே சம்பளம், வேலை செய்யும் இடம், வேலை நேரம், மிகைநேரம், போக்குவரத்து வசதி ஆகியவற்றை வெளிப்படையாகப் போட வேண்டும். நேர்முகப் பேட்டிக்கு முன்பே சம்பள விவரத்தைச் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி செய்திருக்கிறது. அங்கே முடியுமானால் இங்கே ஏன் முடியாது?

இரண்டு: மனு கிடைத்தது என்று ஒரு வரியும், இன்ன தேதிக்குள் முடிவு சொல்வோம் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். பேட்டிக்கு வந்தவனுக்கு, வேலை இல்லையென்றாலும் இல்லை என்று சொல்லியாக வேண்டும். நம் தமிழர் ஏராளமாக வாழும் டொராண்டோ நகரைத் தலைநகராகக் கொண்ட கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், 25 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, பேட்டி முடிந்த 45 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்து, 2026 ஜனவரி 1-ஐ அதற்கு நாளாகக் குறித்தார்கள். ‘நூறு மனு வந்தால் நூறு பேருக்கும் எப்படிப் பதில் எழுதுவது?’ என்று கேட்பவருக்குச் சொல்கிறோம்: ஆயிரம் பேருக்கு விளம்பரம் அனுப்பத் தெரிந்த யந்திரத்துக்கு, நூறு பேருக்கு ஒரு வரி அனுப்பவும் தெரியும்.

மூன்று: ‘பதில் இல்லை’ என்று எழுதுமுன், கம்பெனியின் பெயரும் விசாரித்துக்கொள்ள ஓர் அலுவலக எண்ணும் போட்டு முதலில் செய்தி அனுப்ப வேண்டும். பிறகு இரு வேறு நாட்களில், இரு வேறு நேரங்களில் கூப்பிட வேண்டும். அவனுக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும். பதில் சொல்ல மூன்று வேலை நாளாவது கொடுக்க வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி: “வரவில்லையென்றால் காரணம் என்ன?” இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி உண்மை தானே வெளிவரும்.

நான்கு: ‘கூப்பிட்டும் வரவில்லை’ என்ற பட்டியலை, சொல்லிய சம்பளமும் கூப்பிட்ட தேதிகளும் மறுப்புக் காரணமும் இல்லாமல் அரசாங்கம் சாட்சியாக ஏற்கக் கூடாது. அத்தகைய பட்டியலைச் சோதிக்கும் இடத்தில் தொழிற்சங்கத்துக்கும் நாற்காலி வேண்டும்.

ஐந்து: ஒருமுறை வராதவனை என்றைக்கும் வேண்டாதவன் என்று கறுப்புப் பட்டியலில் ஏற்றக் கூடாது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், வேலையில் பாரபட்சம் பற்றிய வழக்கைத் தொழிலாளிக்கும் அவன் முதலாளிக்கும் இடையிலான வழக்காகத்தான் எழுதிற்று. வாசலுக்கு வெளியே நிற்கும் மனுதாரனுக்கும் சட்டத்தின் கதவு திறக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு

இனி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு. தம்பி, தங்கைகளே! வேலைக்கு வர மறுப்பது உங்கள் உரிமை. அந்த உரிமை சும்மா கிடைத்ததன்று. கிள்ளான் மண்ணில் ரத்தம் சிந்திக் கிடைத்தது. ஆகையால் அதை ஒளித்து வைக்காதீர்கள். வேறு வேலை கிடைத்துவிட்டதா? “கிடைத்துவிட்டது, நன்றி” என்று எழுதுங்கள். உங்களுக்காக ஒதுக்கி வைத்த இடம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போகட்டும். சம்பளம் போதவில்லையா? “சம்பளம் போதாது, விடியற்காலையில் பஸ் இல்லை, ஆகையால் வர இயலாது” என்று எழுதுங்கள். அழைத்தவர் யாரென்று தெரியவில்லையா? “கம்பெனி பெயரும் அலுவலக எண்ணும் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். எழுதியதை அழிக்காமல் வைத்திருங்கள். வரும்போது சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ஒருவன் பேசாமல் இருந்தால் அது ஒரு காலி நாற்காலி. நூறு பேர் பேசாமல் இருந்தால் அது முதலாளியின் கையில் நூறு சாட்சி. நூறு பேரும் காரணத்தோடு மறுத்து எழுதினால், அதுவே நம் கையில் ஒரு மகஜர்! அந்தத் தாளோடு மனிதவள அமைச்சின் படியேறலாம். ‘ஆள் இல்லாமல் இல்லை, இந்தச் சம்பளத்துக்கு, இந்த நேரத்துக்கு, இந்த மரியாதைக்கு ஆள் இல்லை’ என்று ஆதாரத்தோடு அடித்துப் பேசலாம்.

பெற்றோர்களே! பிள்ளையின் கைப்பேசிக்கு வந்த அழைப்பு என்னவாயிற்று என்று இன்றிரவே கேளுங்கள். முதலாளிமார்களே! நீங்கள் பதில் போடாமல் வைத்திருக்கும் மனுக்களை நாளைக் காலையே எடுத்துப் பாருங்கள். பதில் கொடுத்துப் பதில் வாங்குங்கள்.

பெயர் கூப்பிட்டால் குரல் கொடுப்போம். வருவோமானால் வருவோம் என்போம். மறுப்போமானால் காரணம் சொல்லி மறுப்போம். நம் மௌனத்தை இனி எவனும் விலைக்கு விற்க விடோம்!

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!